பரணில் கிடக்கும் பழைய மிருதங்கம்: விலை தெரியாத வீட்டில் எப்படி வாங்குவது?

கேள்வி: சுவாமிமலைப் பக்கம் ஒரு கிராமத்தில், காலமான மிருதங்க வித்வான் ஒருவரின் வீட்டுப் பரணில் இரண்டு பழைய மிருதங்கங்களும் ஒரு கஞ்சிராவும் (ஒரு பக்கம் தோல் போர்த்திய சிறிய கைவாத்தியம்) கிடக்கின்றன. "எல்லாத்துக்கும் சேர்த்து ரெண்டாயிரம் குடுத்துட்டு எடுத்துட்டுப் போ தம்பி" என்கிறார் அவர் மனைவி. கட்டை நல்ல பலா. எனக்கு மதிப்பு தெரியும், பாட்டிக்குத் தெரியாது. சொல்லாமல் வாங்கினால் தப்பா? சொல்வதென்றால் என்ன விலை சொல்வது? (கும்பகோணம் வாசகர்)

பதில்: சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சட்டம் இவ்வளவு கண்டிப்பாக இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், வாய் திறக்காமல் இருந்தது மட்டுமே மோசடி ஆகாது என்று 17-ஆம் பிரிவில் சொல்கிறது. ஒரு பொருளின் மதிப்பைத் தவறாக எண்ணி விற்றுவிட்டேன் என்று பின்னால் முறையிட்டாலும் 20-ஆம் பிரிவு கைகொடுக்காது. அதே 17-ஆம் பிரிவு ஒரு விலக்கும் வைத்திருக்கிறது: பேச வேண்டிய கடமை உள்ளவர் பேசாமல் இருந்தால் அது மோசடிதான். விலை நிலவரம் தெரிந்தும் சொல்லாமல் இருக்கலாம் என்று அந்தப் பிரிவு காட்டும் உதாரணத்தில், இரண்டு பேருமே வியாபாரிகள். பாட்டி வியாபாரி அல்ல. வித்தை தெரிந்த பிள்ளை என்று நம்பித்தான் உங்களுக்குப் பரணைத் திறந்துவிட்டிருக்கிறார். "என்ன போகும் தம்பி?" என்று அவர் கேட்டுவிட்டால், மதிப்புச் சொல்ல வேண்டியவரும் நீங்களே. அப்போது "பழசு பாட்டி, விறகுக்குத்தான் ஆகும்" என்று சொல்லி வாங்கினால், சட்டப்படியும் அது ஏமாற்று.

இனி விலைக்கு வருவோம். பழைய மிருதங்கத்தில் காசு பெறுவது கட்டை ஒன்றுதான். பல வருஷம் பரணில் கிடந்த வலந்தலை (வலது பக்கத் தோல்), தொப்பி (இடது பக்கத் தோல்), வார் (இரண்டையும் இழுத்துக் கட்டும் தோல் பட்டை) மூன்றையும் கழித்துவிடுங்கள். எருமைத்தோல் வார் காய்ந்து, இழுத்தால் அறும். வலந்தலை நடுவில் இருக்கும் கறுப்புப் பூச்சான சாதம் வெடித்து உதிரும். தோலைக் கரப்பான் தின்றிருக்கும். எனவே கட்டையைப் பாருங்கள்.

முதலில் நீளம். 22 அங்குலம் என்றால் பெரும்பாலும் ஹெச்சு (உயர்ந்த) சுருதி, 24 அங்குலம் என்றால் தக்கு (தாழ்ந்த) சுருதி. அடுத்து எடை. ஒரே நீளமுள்ள இரண்டில் கனமானது சுவர் தடித்த, வைரம் பாய்ந்த கட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். வைரம் ஏறாத வெளிர் மரம் சேர்ந்திருந்தால் வண்டு முதலில் அங்கேதான் துளைக்கும். துளையிலிருந்து புதிதாக மாவு கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். மாவு இல்லாத பழைய துளைகள் நாலைந்து இருந்தால் பயமில்லை. விரிசல் வாயிலிருந்து ரேகையோடு நீளவாக்கில் ஓடும். வார்களை ஒதுக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து மேலே பெயிண்ட் பூசியிருப்பார்கள். வாருக்கு அடியில் உள்ள நிறமும் வெளி நிறமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

வாய் விளிம்பைத்தான் பலரும் கவனிப்பதில்லை. வலந்தலைப் பக்கம் சில்லு பெயர்ந்திருந்தால், என்ன தட்டினாலும் வார் கோத்த 16 கண்ணிலும் சுருதி ஒன்றாக நிற்காது. கடைசல் பிடித்துச் சமன் செய்யலாம். ஆனால் கட்டை நுனியை நோக்கிக் குறுகுவதால், நுனியைக் குறைக்கக் குறைக்க வாய் அகலும், சுருதி இறங்கும். ஹெச்சுக்கென்று வாங்கிய கட்டை அதற்கு ஆகாமல் போவது இப்படித்தான்.

மூட்டை (வாயை மூடியிருக்கும் தோல் பகுதியை) கழற்றி உள்ளே பார்க்காமல் இவற்றில் பாதி உறுதியாகாது. அதனால் ஒரே நாளில் வியாபாரத்தை முடிக்காதீர்கள். முன்பணம் கொடுத்து, மிருதங்கத்தைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, வழக்கமாக மூட்டு அடைக்கக் கொடுப்பவரிடம் எடுத்துப் போங்கள். அவரிடம் மூன்று தொகை கேளுங்கள்: அதே அளவில் புதுப் பலா மிருதங்கம் என்ன விலை; இரண்டு மூட்டும் வாரும் புதிதாகப் போடக் கூலியோடு எவ்வளவு; விரிசலுக்கும் கடைசலுக்கும் எவ்வளவு. முதல் தொகையிலிருந்து மற்ற இரண்டையும் கழித்து வருவதுதான் கட்டைக்கு நியாயமான விலை. கணக்குப் புரிவதற்காக மட்டும் சொல்கிறேன்: புதியது 15,000, மூட்டும் வாரும் 6,500, பழுதுக்கு 1,000 என்றால் கட்டை 7,500. நன்றாகப் பதப்பட்ட கட்டை என்று செய்பவர் சொன்னால் அதற்கு மேலேயும் கொடுக்கலாம். மதிப்புச் சொல்ல அவர் செலவழிக்கும் நேரத்துக்கும் காசு கொடுங்கள். தோலோடும் மரத்தோடும் தலைமுறையாகப் பாடுபட்டு வந்த அறிவு அது, இனாமாகக் கேட்பது அழகல்ல. உள்ளே பழுது தெரிந்தால் போட்டோ எடுத்துப் பாட்டியிடம் காட்டி விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது திருப்பிக் கொடுங்கள்.

தஞ்சாவூர் வட்டாரத்தில் பேரைச் சொல்லி விலை ஏற்றுவதும் உண்டு. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் (1912–1981) தஞ்சாவூரில் வாழ்ந்தவர்தான், அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்தவர் பர்லாந்துதான். அதற்காக ஒவ்வொரு பழைய கட்டையும் அந்தக் கையால் ஆனது என்று ஆகிவிடாது. கச்சேரிப் போட்டோ, கடிதம், கட்டையில் செதுக்கிய பெயர் என்று ஏதாவது ஒன்று வேண்டும். அப்படி உண்மையான ஆதாரம் அந்த வீட்டில் இருந்தால் மேலே போட்ட கணக்கு செல்லாது. அந்தப் பெயருக்குரிய மதிப்பு குடும்பத்தைச் சேர்ந்தது. அவசரப்பட்டு யாருக்கும் விற்க வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

பேசும்போது சுற்றி வளைக்க வேண்டாம். "பாட்டி, ரெண்டும் பலாக்கட்டை. தோலும் வாரும் போச்சு, மாத்த எனக்குச் செலவு இருக்கு. அது போக ஒண்ணுக்கு இவ்வளவு பெறும்னு மிருதங்கம் செய்யறவரு சொல்றாரு. பசங்ககிட்டயும் கேட்டுட்டுச் சொல்லுங்க." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். உயில் இல்லாமல் இறந்தவரின் பொருளில் மனைவிக்கு மட்டுமல்ல, மகன்களுக்கும் மகள்களுக்கும், தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் சம பங்கு என்பது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். சென்னையில் இருக்கும் மகன் பின்னால் வந்து "அப்பா மிருதங்கம் எங்கே?" என்று கேட்டால் பதில் சொல்லித் தவிக்கப்போவது பாட்டிதான். கருமாதி முடிந்த கையோடு போய் நிற்பதையும் தவிருங்கள். அத்தனை பணம் உங்களிடம் இல்லையென்றால் ஒன்றை மட்டும் வாங்கலாம், தவணை கேட்கலாம்.

எல்லாம் கேட்ட பிறகும் "நீ வாசிச்சாப் போதும், ரெண்டாயிரமே குடு" என்று அவர் சொன்னால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். மீதி அவர் தரும் அன்பளிப்பு. ஆனால் அதை விற்றுக் காசாக்கக் கூடாது. விற்க நேர்ந்தால் செலவு போக மிஞ்சுவது அந்த வீட்டுக்கு. இதை ரசீதிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். காயலான் கடையில் இதே கட்டை கிடந்தால் கதை வேறு. விலை தெரிந்துகொள்வது கடைக்காரர் தொழில். பொய் சொல்லாதவரை பேரம் பேசலாம்.

கோயிலில் வாசித்த குடும்பம் என்றால் இன்னொன்றும் கேட்க வேண்டும். கோயில் வாத்தியத்தையே வீட்டில் வைத்துப் பராமரித்திருக்கக் கூடும். கட்டையில் கோயில் பெயர் இருந்தாலோ, "கோயில்ல குடுத்தது" என்று பாட்டி சொன்னாலோ, அது விற்பனைக்கான பொருளே அல்ல.

கஞ்சிராவைத் தொடாதீர்கள். தோலில் நுண்ணிய செதில் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது உடும்புத் தோல். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இருக்கிறது. அதன் தோலை வாங்குவதும் விற்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இனாமாகப் பெறுவதற்கே சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. வேறு யாராவது விலை கேட்டு வந்தாலும் கொடுக்க வேண்டாம் என்று பாட்டியிடம் காரணத்தோடு சொல்லுங்கள். வாசிக்க வேண்டும் என்றால் ஆட்டுத்தோல் போட்டதும் செயற்கைத் தோல் போட்டதும் வாத்தியக் கடைகளில் கிடைக்கின்றன.