ஆச்சியும் சிக்னலும்

கேள்வி: எனக்கு 29 வயது. ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி ஆச்சிக்கு 38. மணவிலக்குப் பெற்றுத் தனியாக இருக்கிறார். ஆட்கள் இருந்தால் ‘தம்பி’ என்கிறார். இல்லாவிட்டால் பெயர் சொல்லி அழைக்கிறார். இதுவரை மூன்று முறை ஓலைக் கொட்டானில் சீயப் பலகாரம் கொடுத்தனுப்பினார். ஒவ்வொரு முறையும் அடுத்த இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு நாள் பச்சை, ஒரு நாள் சிவப்பு. இந்தச் சிக்னலை எப்படிப் புரிந்துகொள்வது?
– பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: (கடிதம் நான்கு பக்கம். சுருக்கியது நான்.)

சிக்னல் என்று எழுதிவிட்டீர்கள். இனி நான் ரயிலைப் பற்றித்தான் பேசுவேன். பழைய வாசகர்களுக்கு என் வியாதி தெரியும்.

காரைக்குடி–திருவாரூர் மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்தி 2019-இல் வண்டி விட்டார்கள். ஏறத்தாழ 150 கிலோமீட்டர். வழியெல்லாம் கேட், அப்போது கேட்டுக்கு ஆள் இல்லை. ஆகவே ஆட்களை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார்கள். கேட் வந்தால் வண்டி நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கிப் போய்ச் சாத்துவார். வண்டி ஊர்ந்து தாண்டி மறுபடியும் நிற்கும். பின்னால் இருப்பவர் இறங்கித் திறந்துவிட்டு, ஓடிவந்து ஏறிக்கொள்வார். அடுத்த கேட்டில் மீண்டும் முதலிலிருந்து. திருவாரூர் போய்ச் சேர ஆறு மணி நேரம் ஆயிற்று. அறந்தாங்கி வரை நானும் ஒரு நாள் போனேன். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒரு படி மொச்சையை உரித்து முடித்து, தோலைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வண்டி இன்னும் கண்டனூர்ப் புதுவயல் தாண்டவில்லை. ‘சிக்னல் விழவில்லையா?’ என்று ஒருவர் கேட்டார். ‘சிக்னல் என்ன செய்யும், கேட் இருக்கிறதே’ என்றார் அந்த அம்மாள், அடுத்த பையிலிருந்து வெங்காயத்தை எடுத்துக்கொண்டே.

உங்கள் முதலாளி அம்மாள் ஓட்டுவதும் அந்த வண்டியைத்தான். முகப்பில் நின்றால் பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் தெரிகிற வீடுகள் இந்த ஊர் வீடுகள். தெருவில் போகிறவன் கழுத்தைத் திருப்பினால் போதும். ஒரு கொட்டான் சீயம் வாசல் தாண்டுவதற்கு முன்னால் அவர் இறங்கி ஒரு கேட்டைச் சாத்த வேண்டும். தாண்டிய பிறகு ஓடிப்போய்த் திறந்துவிட வேண்டும். ரயிலிலாவது இரண்டு ஆள் போட்டிருந்தார்கள். இங்கே முன்னாலும் அவரே, பின்னாலும் அவரே. அதற்குப் பிடிக்கிற நேரம்தான் உங்கள் இரண்டு வாரம். நீங்களோ ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, வண்டி ஏன் நிற்கிறது என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

அல்லது அது வெறும் சீயமாகவும் இருக்கலாம். இந்தப் பக்கத்தில் தபால்காரருக்கும் சீயம் உண்டு. அதோடு, உங்களுக்குச் சம்பளம் கொடுப்பவர் அவர். அவர் வாய்விட்டு ஒரு வார்த்தை சொன்னால், அது எத்தனை விதமாகத் திரும்பிவரும் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

நான்கு பக்கத்தில் பதினேழு ‘ஆச்சி’ எண்ணினேன். ஆச்சி என்றால் கிழவி என்று நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக் கடைகள் நாட்டுக்கே பாடம் நடத்திவிட்டன. போர்டில் நரைத்த கொண்டை. உள்ளே சாயம் பூசிய கோழி, அதன் பெயர் செட்டிநாடு! (இதைப் பற்றி நான் எழுதுவது இதுவே கடைசி என்று சென்ற முறையும் சொன்னேன்.) நகரத்தார் வீட்டில் அக்காளும் ஆச்சிதான், நேற்றுத் தாலி ஏறிய பெண்ணும் ஆச்சிதான். பட்டறையில் எல்லோரும் அவரை அப்படி அழைக்கிறார்கள், சரி. ஆள் இல்லாதபோது அவர் ‘தம்பி’யைக் கீழே வைத்துவிட்டார். நீங்கள் ‘ஆச்சி’யை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். குழப்பமான சிக்னல் எந்தப் பக்கத்திலிருந்து போகிறது?

அடுத்த வாரம் ‘பொருந்தாக் காமம்’ என்று ஓர் அஞ்சலட்டை வரும். எழுதப்போகிறவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். என்னோடு பேச்சு இல்லை, அஞ்சலட்டை மட்டும் உண்டு. அவருக்கு இப்போதே பதில்: தொல்காப்பியம் பொருந்தாக் காமமாகிய பெருந்திணையில் ‘இளமை தீர் திறம்’ என்று ஒன்றை வைக்கிறது. இளம்பூரணர் உரைப்படி அது மூன்று வகை. அவன் முதியவன், அவள் இளையவள். அவள் முதியவள், அவன் இளையவன். இருவருமே இளமை கடந்தவர்கள். முதல் வகைக்கு இந்த ஊரில் எத்தனை பந்தி சாப்பிட்டிருக்கிறோம், ஐயா! ஐம்பதுக்கும் இருபத்தைந்துக்கும் நடந்த கல்யாணத்தில் வெள்ளைப் பணியாரத்துக்கு இரண்டாம் தடவை இலையைக் காட்டியபோது உங்களுக்குப் பெருந்திணை நினைவுக்கு வரவில்லையே. சட்டமே பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று ஒரு இடைவெளியை வைத்துத்தான் தொடங்குகிறது. ஊரைச் சொல்லி என்ன பயன்?

தம்பி, நீங்கள் கணக்கெழுதுகிறவர். மூன்று சீயக் கொட்டானையும் தேதி போட்டு வரவு வைத்திருக்கிறீர்கள். பற்றுப் பக்கம் காலி. அந்தக் கொட்டான்கள் எங்கே? உங்கள் அறை ஆணியில் தொங்குகின்றனவா? வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்புகிற வழக்கம் இங்கே கிடையாது. திருப்பாமலே வைத்துக்கொள்கிற வழக்கத்தை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். நாளைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். மல்லிகைப்பூ வைத்துவிடாதீர்கள், பட்டறையில் ஆள் இருக்கும். நாலு வெள்ளரிப் பிஞ்சு போதும்.