காப்பிச் செடியின் வேர் பொட்டாசியத்தை எவ்வாறு உள்ளிழுக்கிறது?

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், மண்ணீரில் மிகக் குறைவாக உள்ள பொட்டாசியம், அது ஏற்கெனவே நிறைந்திருக்கும் வேர்ச் செல்லுக்குள் எவ்வாறு செல்கிறது என்று கேட்டிருக்கிறார்.

செல்சவ்வு கொழுப்பாலான இரட்டை அடுக்கு என்பதால், மின்னூட்டம் கொண்ட அயனிகள் அதைத் தாமாகக் கடப்பது அரிது. சவ்வில் பதிந்துள்ள புரதங்களே வாயில்கள். பாடநூல்கள் வழக்கமாகக் காட்டுவது 1957இல் டென்மார்க் அறிவியலாளர் ஜென்ஸ் ஸ்கௌ விவரித்த சோடியம்-பொட்டாசியம் பம்பை. அது விலங்குகளுக்கு உரியது, காப்பிச் செடியிடம் இல்லை. செடியின் பம்பு, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் சிதைத்துப் பெறும் ஆற்றலால் புரோட்டான்களை, அதாவது நேர்மின் கொண்ட ஹைட்ரஜன் அயனிகளை, வெளியே தள்ளுகிறது. அதனால் செல்லின் உட்புறம் பெரும்பாலும் 120 மில்லிவோல்ட்டுக்கும் மேலான எதிர்மின்னழுத்தத்தை அடைய, நேர்மின் கொண்ட பொட்டாசியம், செறிவு வேறுபாட்டையும் மீறி, கால்வாய்ப் புரதங்கள் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. மண்ணில் அது மிகவும் அருகிவிட்டால் இந்த ஈர்ப்பு போதாது. அப்போது வேறொரு கடத்திப் புரதம், உள்ளே திரும்பும் புரோட்டானோடு சேர்த்து அதை ஏற்றிக்கொள்கிறது. நைட்ரேட்டும் இவ்வாறே புரோட்டானின் துணையுடன் நுழைகிறது.

சேர்வராயன் மலையின் அடைமழையில் வேரடியில் நீர் தேங்கினால், ஆக்சிஜன் இன்றி ஏடிபி குறைந்து, பம்பு தளர்ந்துவிடும். உரம் மண்ணில் இருந்தும் இலை மஞ்சளாவதற்கு இதுவும் ஒரு காரணம்.