சின்னப் பிள்ளைகளோடு இந்த நேரத்தில் ஓட்டலுக்குப் போகலாமா?

3 வயதிலும் 6 வயதிலும் பிள்ளைகள், வீட்டில் அப்பத்தாவும் இருக்கிறார்கள், கொரோனா நேரத்தில் மதுரையில் வெளியே சாப்பிடப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம், ஆனால் ஏசி அறைக்குள் வேண்டாம்.

கொரோனா முக்கியமாகக் காற்று வழியாகத்தான் பரவுகிறது. தட்டையும் டம்ளரையும் வெந்நீரில் கழுவித் தரச் சொல்வது நல்லதுதான், ஆனால் பெரிய பயம் அங்கே இல்லை. ஜன்னல் மூடிய அறையில் பக்கத்து மேசைக்காரர் சத்தமாகப் பேசிச் சிரிக்கிறாரே, அதுதான் பிரச்சினை. சாப்பிடும்போது யாரும் மாஸ்க் போட முடியாது. நம் நாட்டில் தடுப்பூசியும் 2022 மார்ச்சில் 12 வயது வரைதான் இறங்கி வந்தது; உங்கள் வாண்டுகளுக்கு அது இல்லை.

பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காய்ச்சல், சளியோடு போய்விடும். நான் யோசிப்பது அப்பத்தாவைப் பற்றித்தான். அவர்களுக்குச் சர்க்கரை இருந்து, ஊசியும் போடாமல் இருந்தால் பேசாமல் பார்சல் வாங்கிவிடுங்கள். கறிதோசை ஆறினால் சுமார்தான், என்ன செய்வது!

அப்படி இல்லையென்றால், சாயங்காலம் சீக்கிரமே தெப்பக்குளம் பக்கம் போய்த் திறந்தவெளியில் சாப்பிட்டுவிட்டு, கூட்டம் சேருமுன் கிளம்பிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம். அப்புறம், யாருக்காவது மூக்கு ஒழுகினால் அன்றைக்கு ஜிகர்தண்டாவும் கிடையாது.