காணி உறுதிப்பத்திரத்தில் கிழக்கெல்லை கடல். அந்தக் கடல் உள்ளே வந்துவிட்டால்?

கேள்வி: திருகோணமலை நிலாவெளியில் கடலோடு ஒட்டிய காணி எங்களுடையது. பாட்டனாரின் 1952ஆம் ஆண்டு உறுதியில் கிழக்கெல்லை கடல் என்றிருக்கிறது. சுனாமிக்குப் பின் கரை உள்ளே வந்து, அவர் வைத்த தென்னைகளின் அடிக்கட்டைகள் இப்போது தண்ணீருக்குள் நிற்கின்றன. பக்கத்து விடுதிக்காரர் அங்கே பாறாங்கற்களைக் கொட்டி, கம்பி வேலியைக் கடலுக்குள் நீட்டிவிட்டார். மச்சான்மார் வள்ளம் இழுக்க வழியில்லை. கேட்டால், “உங்கள் காணியைக் கடல் கொண்டுபோய்விட்டது” என்று ஏளனம் செய்கிறார். கிராம அலுவலரும் அவர் பக்கம். உரிமை வழக்குப் போட்டுத் தண்ணீருக்குள் எல்லைக்கல் நடலாமா? நாங்களும் 2012இல் முன்பக்கத்தில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகிறோம்.

பதில்: விடுதிக்காரரின் வாயையும் கிராம அலுவலரின் சார்பையும் ஓரமாக வையுங்கள். எந்த நீதிபதியும் அவற்றைக் கேட்கப் போவதில்லை. ஏளனமாகச் சொன்னாலும் அவர் சொன்னது சட்டத்தில் ஏறக்குறைய சரி. இந்த விவகாரத்தில் ஒரே கேள்விதான்: கடல் ஏறும்போது நீர் எட்டும் உயர்நீர்க் கோடு இன்று எங்கே ஓடுகிறது? கடலை எல்லையாகக் கொண்ட காணிக்கு அந்த எல்லை நகரும். கோட்டுக்குக் கீழே கிடக்கும் கரை அரசுடையது. உங்கள் தென்னங்கட்டைகள் பாட்டனாரின் உழைப்புக்குச் சாட்சி, இன்றைய உரிமைக்கு அல்ல. பத்து வருடம் தொடர்ந்து ஆண்டால் காணி சொந்தம் என்ற, 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கணக்கும் அரசுக்கு எதிராக ஓடாது.

சுனாமி ஒரே நாளில் வந்தது, திடீர் அழிவில் உரிமை போகாது என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். எத்தனை அடி அன்று போனது, எத்தனை அடி அதற்குப் பின் வந்த ஒவ்வொரு வாடைக்காற்றுக் காலத்திலும் போனது என்று பிரித்துக் காட்ட 2004க்கு முந்திய அளவைப்படமும் பிந்திய படங்களும் வேண்டும். இருந்தால் கொண்டு வாருங்கள். இல்லையென்றால் அந்த வாதத்தை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

நான் பயப்படுவது நீங்கள் கடைசி வரியில் எழுதியதைப் பற்றி. கரையோர வலயம் உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி அதற்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. பிரதேச சபை தந்த கட்டட அனுமதி அதற்கு ஈடாகாது. விடுதிக்காரரின் கற்களுக்கு எதிராக அந்தத் திணைக்களத்தில் முறைப்பாடு செய்ய உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அளவு நாடாவோடு வருபவர் வேலியை மட்டும் அளந்துவிட்டுத் திரும்ப மாட்டார். முறைப்பாடு கொடுத்தவரின் சமையலறைச் சுவரே முதலில் இடிபட்டதை உப்புவெளியில் கண்டிருக்கிறேன்.

உரிமை வழக்கில் ஆபத்து இன்னும் பெரிது. நீதிமன்றம் அனுப்பும் அளவையாளர் உயர்நீர்க் கோட்டையும், அதற்கு எவ்வளவு அருகில் உங்கள் அறைகள் நிற்கின்றன என்பதையும் ஒரே தாளில் வரைவார். வாடை மாதங்களில் கடல் கரையைத் தின்று நிற்கும்போது அளந்தால் கோடு உங்கள் படிக்கட்டருகே வந்தாலும் வரும். அறையின் ஒரு மூலை கோட்டைத் தாண்டியிருந்தால், 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி மீளப்பெறல் சட்டத்தின் கீழ் வெளியேற்றல் அறிவித்தல் வரலாம். அந்த வழக்கில் நீதவான் உங்கள் உறுதியை வாசிக்க மாட்டார்; அரசு தந்த செல்லுபடியான அனுமதி இருக்கிறதா என்று மட்டுமே கேட்பார். வழக்காளியாகப் போனவர் அப்படித்தான் குடியிருப்பை இழக்கிறார்.

இன்னொரு பொறி: “மூழ்கிய துண்டுக்குப் பிரதேச செயலகத்தில் வருட அனுமதி கேளுங்கள்” என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டால் அது அரச காணி என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகும். எல்லையைத் தெளிவில்லாமல் எழுதினால் மேட்டுக்காணியும் அதற்குள் இழுபடும். கம்பியை வெட்டவும் வேண்டாம். கைகலப்பு வந்தால் பொலிஸார், காணித் தகராறில் அமைதி குலையாமல் தடுக்க உள்ள 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் வழக்கிடுவார்கள். கடந்த இரண்டு மாதங்களில் இடம் யார் கையில் இருந்தது என்பதே அங்கு பேசப்படும். விடுதிக்காரர் கையில்தான் இருந்தது.

சமாதானமாகப் போங்கள். முதலில் சொந்தச் செலவில் ஓர் உரிமம் பெற்ற அளவையாளரைக் கொண்டு அறைகளின் தூரத்தை அளப்பியுங்கள். படத்தை எங்கும் கொடுக்காமல் சட்டம் தெரிந்த என்னைப் போன்ற ஒருவரிடம் காட்டி, அறைகளைச் சட்டப்படி ஒழுங்குபடுத்த வழி உண்டா என்று பாருங்கள். பிறகு விடுதிக்காரரிடம் பேசுங்கள். அனுமதியில்லாமல் கல் கொட்டியது அவருக்கும் குற்றம், அவருக்கும் பயம் இருக்கும். கற்களை எடுத்து, வள்ளம் இழுக்கப் பத்தடிப் பாதை விட்டால் போதும் என்று கேளுங்கள். மத்தியஸ்த சபையில் எழுதிக் கையெழுத்திட்டால் நல்லது. மூழ்கிய நிலம் யாருடையது என்று அதில் ஒரு சொல்லும் வரக்கூடாது. அதைப் பங்கிட இருவருக்குமே உரிமையில்லை. ஒக்டோபருக்கு முன் முடியுங்கள். கற்கள் அங்கேயே கிடந்தால் வாடை அலை திரும்பி உங்கள் அத்திவாரத்தில்தான் அடிக்கும்.