வாய்க்கால் கரை வழியாக

கேள்வி: தினமும் குடிக்கும் என் கணவர், “நாளையோடு நிறுத்துகிறேன்” என்கிறார். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா அக்கா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: வேண்டாம் தங்கச்சி. சட்டென்று நிறுத்தினால் 2, 3 நாளில் வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்து. என் வீட்டுக்காரர் குறுவை நடவு சமயத்தில் அப்படித்தான் நிறுத்தினார். மூன்றாம் நாள் காபி டம்ளர் கையில் நிற்கவில்லை. இல்லாத எறும்பைக் கையிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியில் நடுக்கத்துக்கு மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போட்ட பிறகுதான் தூங்கினார். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். குடியை விட உதவும் 14446 இலவச எண்ணிலும் கேட்கலாம்.

அப்புறம், அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மாத்திரை கலக்கவே கலக்காதீர்கள். குடியை விடக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

என் வீட்டுக்காரர் குடிக்காமல் 6 வருஷமாகிறது. கூலி வாங்கும் சனிக்கிழமை மட்டும் நானே போய், கடைத்தெருவை விட்டு வாய்க்கால் கரை வழியாக அழைத்து வருகிறேன்.