லினக்ஸ் நிறுவிவிட்டால் இணையத்தில் யாரும் நம்மைக் கண்காணிக்க முடியாதா?

“விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. பழைய கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, நிரலை யாரும் படித்து மாற்றக்கூடிய கட்டற்ற மென்பொருள்களை மட்டும் பயன்படுத்தினால் இணையத்தில் நம்மை யாரும் கண்காணிக்க முடியாது என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நண்பர் சொல்வதையே நானும் பல ஆண்டுகளாகப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் என் வீட்டில் ஒருவர் தலைகுனிய நேர்ந்தது. லினக்ஸுக்கு மாறுங்கள் என்றுதான் இன்றும் சொல்வேன்; ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக மாறாதீர்கள்.

உங்கள் வீட்டில் கணினி தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான், மற்றவர்களுக்கும் நீங்களே நிறுவிக் கொடுக்கப்போகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் அந்த நிலையில் இருப்பவர்களே. நான் நிரலாளன் அல்லன். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக லினக்ஸ் பயன்படுத்திவரும் வெறும் பயனர். அதை மனத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

என் தந்தை எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய மடிக்கணினி விண்டோஸின் சுமையைத் தாங்காமல் திணறத் தொடங்கியது. எனக்கு அது நல்ல வாய்ப்பாகப் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து லினக்ஸ் மின்ட் நிறுவி, ஃபயர்பாக்ஸ், லிப்ரெஆபிஸ், விஎல்சி என்று அவருக்கு வேண்டியவற்றை அமைத்து, வன்தட்டையும் கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து கொடுத்தேன். நிறுவும்போது எந்த நிறுவனத்தின் கணக்கும் கேட்கப்படவில்லை, ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மட்டுமே போதுமானவையாக இருந்தன என்பதைப் பெருமையோடு அவருக்குச் சுட்டிக்காட்டினேன். “இனி இந்தக் கணினியில் நீங்கள் என்ன செய்தாலும் வெளியே யாருக்கும் தெரியாது அப்பா” என்றும் சொல்லிவைத்தேன். சொல்லியிருக்கக் கூடாத வாக்கியம் அது.

அவர் அதை நம்பினார். சில மாதங்கள் கழித்து, தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது தம் வலக்கை விரல்கள் லேசாக நடுங்குவதை அவர் கவனித்திருக்கிறார். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. இரவில் எல்லாரும் உறங்கிய பிறகு அந்தக் கணினியில் அதைப் பற்றித் தேடிப் படித்திருக்கிறார், மருத்துவர்கள் பேசும் காணொளிகளைப் பார்த்திருக்கிறார். அடுத்த வாரம் ஒரு மாலை, குடும்பமே கூடத்தில் அமர்ந்திருக்கையில் தொலைக்காட்சியில் காணொளித் தளத்தைத் திறந்தோம். வழக்கமாகப் பழைய பாடல்கள் நிற்கும் முகப்பில், கைநடுக்கம் எதனால் வருகிறது, எந்த நடுக்கம் ஆபத்தானது, நரம்பியல் மருத்துவர் என்ன சொல்கிறார் என்று வரிசை வரிசையாகக் காணொளிகள். அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா வலக்கையை மடியில் வைத்து இடக்கையால் மூடிக்கொண்டார். இரவு என் அறை வாசலில் வந்து நின்று, “யாருக்கும் தெரியாதுன்னு நீதானப்பா சொன்ன?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

ஏதோ உளவு நிரல் புகுந்துவிட்டது என்று எண்ணி விடியும்வரை கணினியைத் துழாவினேன். எதுவும் இல்லை. காரணம் அதைவிட எளியது. மின்னஞ்சல் பார்ப்பதற்காக உலாவியில் அவர் தம் கணக்கில் உள்நுழைந்திருந்தார். காணொளித் தளமும் அதே கணக்கை ஏற்றுக்கொண்டது. அந்தக் கணக்கை ஓராண்டுக்கு முன்பு தொலைக்காட்சியில் உள்ளிட்டுக் கொடுத்தவன் நான். இயங்குதளமும் ஃபயர்பாக்ஸும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்திருந்தன. அப்பாவின் மேசைமேல் இருந்த கணினியின் மூலநிரலை உலகில் யாரும் படித்துப் பார்க்கலாம்; ஆனால் அவர் எதைத் தேடினார், எதைப் பார்த்தார் என்ற பட்டியல் சேர்ந்தது எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் கணினியில். அங்கே என்ன ஓடுகிறது என்பது எனக்கும் தெரியாது, உங்கள் நண்பருக்கும் தெரியாது.

கட்டற்ற மென்பொருள் எதற்கு உறுதி அளிக்கிறது என்பதை நான் அதுவரை சரியாகப் படித்திருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனு என்னும் கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்துத் தொடங்கிவைத்த இந்த இயக்கம் நான்கு உரிமைகளைப் பேசுகிறது: நிரலை எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், அது எப்படி வேலை செய்கிறது என்று படித்து மாற்றலாம், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். இந்த நான்கில் தனியுரிமை என்ற சொல்லே இல்லை. உங்கள் கணினியில் ஓடும் நிரல் உங்களுக்குத் தெரியாமல் ஒன்றைச் செய்தால் அதைக் கண்டுபிடிக்கவும் நீக்கவும் யாருக்கும் தடையிருக்கக் கூடாது என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் பயன். அது சிறிய பயன் அன்று. விண்டோஸின் வீட்டுப் பதிப்பில், கணினி எப்படி இயங்குகிறது என்பது பற்றிய கண்டறிதல் தரவு மைக்ரோசாஃப்ட்டுக்கு அனுப்பப்படுவதை அமைப்புகள் வழியாகக் குறைக்கத்தான் முடியும், முழுவதும் நிறுத்த முடியாது. என் கணினியில் அப்படி ஒரு பூட்டு இல்லை என்பதற்காகவே நான் திரும்பிப் போகவில்லை.

தமிழில் இந்தக் குழப்பமே வந்திருக்கக் கூடாது என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஆங்கிலத்தில் ஃப்ரீ என்ற ஒரே சொல் விலையில்லாததையும் சுதந்திரமானதையும் குறிப்பதால் அவர்கள் தடுமாறுகிறார்கள். நமக்கு ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்ற’ வேறு என்று தெளிவாக இரண்டு சொற்கள் இருந்தும், ‘இலவச மென்பொருள்’ என்றே எழுதிவைத்து, காசு வாங்காத எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிட்டோம். அந்தக் கூடையில்தான் இலவச விபிஎன் செயலிகளும் வந்து விழுகின்றன. விபிஎன் என்பது இணையச் சேவை நிறுவனம் பார்த்துக்கொண்டிருந்ததை விபிஎன் நடத்துபவர் பார்க்கும்படி மாற்றிவைக்கும் ஏற்பாடு. அவரை ஏன் கூடுதலாக நம்ப வேண்டும் என்ற கேள்விக்கு விடை இல்லாதவர்கள் அதை நிறுவாமல் இருப்பதே மேல். பணம் கட்டி வாங்கிய சேவையும் இதற்கு விலக்கன்று.

‘லினக்ஸைப் பற்றித் தெரியாமல் பழி போடுகிறாய்’ என்று சிலர் சண்டைக்கு வருவார்கள் என்பது தெரியும், முன்பும் வந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: கட்டற்ற மென்பொருளும் வழி தவறியதுண்டு. 2012 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு என்னும் லினக்ஸ் வகையின் 12.10 பதிப்பில், உங்கள் கணினிக்குள் ஒரு கோப்பைத் தேடினாலும் அந்தத் தேடல் சொல் உபுண்டுவை வெளியிடும் கெனானிக்கல் நிறுவனத்தின் வழங்கிக் கணினிக்குப் போய், அமேசான் பொருள்களின் பட்டியலோடு திரும்பி வந்தது. ஸ்டால்மனே அதை உளவு மென்பொருள் என்று கண்டித்தார். அது இயல்பாகவே அணைந்த நிலையில் வந்தது 2016இன் 16.04 பதிப்பில்தான். ஆனால் அது நடப்பது முதல் நாளிலிருந்தே எல்லாருக்கும் தெரிந்திருந்தது, வேண்டாதவர்கள் அதைச் செய்யும் மென்பொருள் பொதியை நீக்க முடிந்தது.

எல்லாரும் படிக்கலாம் என்பதும் யாரோ ஒருவர் படித்தார் என்பதும் ஒன்றல்ல. இணையத் தொடர்பைக் குறியாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் இருந்த ஹார்ட்பிளீட் என்னும் பாதுகாப்புப் பிழை 2012 மார்ச் பதிப்பிலிருந்து 2014 ஏப்ரல் வரை கிடந்தது, கண்ணில் படவில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்கக் கருவியில் திட்டமிட்டு வைக்கப்பட்ட கள்ளக் கதவைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், தொலைவிலிருந்து உள்நுழைய அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியவர். அவர் மைக்ரோசாஃப்ட் ஊழியர் என்பதைச் சொன்னால் நம் ஆட்கள் சிலருக்குக் கோபம் வருகிறது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பூட்டிவைத்த நிரலாக இருந்திருந்தால் அவரால் அந்த அரை வினாடியின் வேர்வரை போயிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

இன்னொன்று பலருக்கு உறைப்பதில்லை. நீங்கள் உள்நுழையாமலே இருந்தாலும், திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர வலயம், உலாவியின் பதிப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து உங்கள் கணினியை அடையாளம் காண முடியும். இணைய உரிமைகளுக்காகப் பாடுபடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சோதனைக்கு வந்த உலாவிகளில் 83.6 விழுக்காடு தனித்து அடையாளம் காணத்தக்கவையாக இருந்தன. மேசைக் கணினிகளில் லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் சிறுபான்மையினர் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் லினக்ஸ் உங்களைக் கூட்டத்திலிருந்து சற்றே தனித்துக் காட்டவும் கூடும். அடையாளத்தை மறைப்பதற்கென்றே உருவான டோர் உலாவி தன் பயனர்கள் எல்லாரையும் ஒரே மாதிரி காட்ட முயல்வது இதனால்தான். ஆனால் அன்றாட வேலைக்கு அது மெதுவானது, அதிலும் உங்கள் கணக்கில் உள்நுழைந்துவிட்டால் கதை பழையபடியே ஆகிவிடும்.

அப்பாவின் கணினியில் பிறகு செய்தது மிகச் சில மாற்றங்களே. தொலைக்காட்சியிலிருந்து அவர் கணக்கை நீக்கினேன். கணக்கின் அமைப்புகளுக்குப் போய், தேடல் வரலாறும் பார்த்த காணொளிகளின் வரலாறும் சேமிக்கப்படாதபடி நிறுத்தி, பழையவற்றை அழித்தேன். ஃபயர்பாக்ஸில் கணக்குகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரிக்கும் மல்ட்டி அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ் நீட்சியை நிறுவி, மின்னஞ்சலை ஒரு பெட்டிக்குள் அடைத்தேன். ஒரு தளத்தின் குக்கிகளை (தளங்கள் உலாவியில் விட்டுவைக்கும் அடையாளக் குறிப்புகளை) மற்றொரு தளத்தில் படிக்க முடியாதபடி பிரித்துவைக்கும் வசதி 2022 முதல் ஃபயர்பாக்ஸில் இயல்பாகவே இருக்கிறது என்றாலும், விளம்பர நிரல்கள் இறங்குவதையே தடுக்க யூபிளாக் ஆரிஜின் நீட்சியையும் சேர்த்தேன். ஃபயர்பாக்ஸும் பயன்பாட்டுத் தரவை மொசில்லாவுக்கு அனுப்பும். அந்தக் குறியையும் எடுத்துவிட்டேன். உடல்நலம் பற்றித் தேடும்போது தனிப்பட்ட சாளரத்தைத் திறந்து, எங்கும் உள்நுழையாமல் தேடும்படி அப்பாவிடம் சொன்னேன். அது இணையச் சேவை நிறுவனத்திடமிருந்தோ போய்ச்சேரும் தளத்திடமிருந்தோ எதையும் மறைக்காது; ஆனால் அன்று மாலை தொலைக்காட்சியில் நடந்தது நடந்திருக்காது. இவ்வளவையும் விண்டோஸிலேயே செய்திருக்கலாம் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

ஆகவே நீங்கள் முதலில் உலாவியையும் கணக்குகளையும் ஒழுங்குபடுத்துங்கள். எந்தெந்தக் கருவிகளில் யாருடைய கணக்கு திறந்திருக்கிறது என்று வீட்டில் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள், தொலைக்காட்சியை மறக்காமல். இயங்குதளத்தை அதற்குப் பிறகு மாற்றலாம். நிறுவும்போதே வன்தட்டுக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள், தொலைந்தால் மீட்க வழியில்லை. நிறுவிக் கொடுத்துவிட்டு நான் சொன்ன வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள். ‘மறைக்க என்ன இருக்கிறது?’ என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். என் மைத்துனர் கேட்டார். அப்பா அன்று எதையும் தவறாகச் செய்யவில்லையே என்று நான் சொன்னதும் பேச்சை மாற்றிவிட்டார்.

இதை எழுதும் முன் அப்பாவிடம் அனுமதி கேட்டேன். “பேர் போடாம எழுது” என்றார். நடுக்கத்தைப் பற்றி மருத்துவர் என்ன சொன்னார் என்று பின்னூட்டத்தில் கேட்க வேண்டாம். அதைச் சொல்ல எனக்கு அனுமதி கிடைக்கவில்லை.