அமெரிக்காவில் வீட்டில் பீர் தயாரிப்பதற்கும் கிராஃப்ட் பீர் வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு?

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் தயாரிக்கச் சட்டம் இடம் தருகிறதா, கிராஃப்ட் பீர் ஆலைகள், அதாவது தனிச் சுவையுள்ள பீரைச் சிறிய அளவில் காய்ச்சும் ஆலைகள், பெருகியதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்பது கேள்வி. இரண்டுக்கும் பதில் ஆம் என்பதே. ஆனால் அந்த அனுமதி மிகத் தாமதமாகக் கிடைத்தது. 1933-இல் மதுவிலக்கு நீங்கியபின் வீட்டில் ஒயின் தயாரிக்க வழி பிறந்தது. பீருக்கோ, 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் சட்டத்தில் கையெழுத்திடும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதன்படி, வயது வந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேற்பட்டோரோ இருந்தால் 200 கேலன் வரை வரியின்றித் தயாரிக்கலாம், விற்கக் கூடாது. மாநிலச் சட்டமும் இடம் தர வேண்டும் என்பதால் அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் 2013-இல்தான் இது சாத்தியமாயிற்று.

அந்தச் சட்டம் மிகப் பெரிய திருப்பம் என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் புதிய ஆலைகளைத் தொடங்கியவர்களில் பலர் சமையலறையில் கற்றவர்கள். கலிபோர்னியாவின் சிக்கோ நகரில் வீட்டுத் தயாரிப்புக்கான பொருள்களை விற்றுவந்த கென் கிராஸ்மன், பால் பண்ணைகளின் பழைய தொட்டிகளை வாங்கி, கூட்டாளியுடன் சேர்ந்து சியரா நெவாடா ஆலையை அமைத்து, 1980-இல் முதல் பீரைக் காய்ச்சினார். தங்கள் பீரில் அவர்கள் தாராளமாகச் சேர்த்தது காஸ்கேட் என்ற ஹாப்ஸ் வகை; ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப் பூ. அதை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால், கிரேப்ஃப்ரூட் தோலை உரித்தது போன்ற மணம் எழும். விரல்களில் பிசுபிசுப்பான மஞ்சள் தூள் ஒட்டும். அந்த மணமே அமெரிக்க கிராஃப்ட் பீரின் அடையாளமாயிற்று.

1970-களின் இறுதியில் நூற்றுக்கும் குறைவான பீர் நிறுவனங்களே இருந்த நாட்டில் இன்று 9,000-க்கும் மேற்பட்ட ஆலைகள் உள்ளன. ஆயினும் வளர்ச்சி இப்போது தளர்ந்துவிட்டது. 1896-இல் தொடங்கிய சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 2023-இல் மூடப்பட்டது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.